பந்தியை எழுப்பிய இரட்டைக் கம்பி

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு, அளவைப் பதியும் லாகரை எப்படி மாட்டுவது, கம்பியை எப்படி இழுப்பது, எந்த முனையில் எதைப் பூட்டுவது என்றெல்லாம் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். கல்யாணப் பந்தியில் இலை போட்டு, சாம்பார் ஊற்றி, முதல் கவளத்தை வாயருகே கொண்டுபோய்விட்ட ஒரு கூட்டத்தை எழுப்பித் தெருவுக்கு அனுப்புவது எப்படி என்று சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். எனக்கும் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆனால் நம் தொழிலில் அப்படியும் ஒரு நாள் வரும். எனக்கு வந்தது. இப்போது ஓய்வுபெற்று சிங்கப்பூரின் கிழக்கோரத்தில், பாசிர் ரிஸ்ஸில் நிம்மதியாக இருக்கிறேன் என்றாலும், அந்த நாள் நினைவுக்கு வந்தால் எம்ஆர்டி ரயிலில் தனியாகச் சிரித்துவிடுகிறேன். பக்கத்தில் இருப்பவர் மெதுவாக எழுந்து வேறு இருக்கைக்குப் போய்விடுகிறார்.

சிராங்கூன் ரோட்டை ஒட்டிய ஒரு சந்து. ஒரு வரிசை பழைய கடைவீடுகள். அவற்றின் பின்னால் ஆழமாக மண் தோண்டிக்கொண்டிருந்தார்கள். தோண்டும்போது பழைய சுவர்கள் சாய்கின்றனவா, விரிசல் அகல்கிறதா என்று இடைவிடாமல் பார்க்க வேண்டும். அதற்காக ஒவ்வொரு கடையின் சுவரிலும் சாய்வை அளக்கும் ஒரு கருவி, அதன் அளவைக் குறித்துவைக்கும் ஒரு லாகர். எல்லா லாகரும் ஒரே ஒரு இரட்டைக் கம்பியில் கோத்த மணிகள் மாதிரி. கம்பியின் கோடியில், சைட் ஆபீஸில், ஒரு தலைமைப் பெட்டி. வகுப்பில் ஆசிரியர் பெயர் கூப்பிடுவதைப் போல அது ஒவ்வொரு எண்ணாகக் கூப்பிடும். கூப்பிட்டவர் மட்டும் பதில் சொல்ல வேண்டும். மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். நம் சமூகத்தில் இது எவ்வளவு பெரிய சாதனை என்று யோசித்துப் பாருங்கள்.

“ஏன் அக்கா, ஒயர்லெஸ் போட்டிருக்கலாமே?” என்று கேட்பீர்கள். போட்டுப் பார்த்தோம். தடித்த சுவர்கள், இரும்புக் கதவுகள், தங்க நகைக்கடையின் பெட்டக அறை. அலை பாதி வழியிலேயே திரும்பி வந்துவிட்டது. கம்பிதான் என்று முடிவானது.

கம்பி என்றால் அது மரம் மாதிரிக் கிளை விடக் கூடாது. ஒரே கோடாக, கடை கடையாக நுழைந்து வெளியே வர வேண்டும். அதாவது ஒவ்வொரு கடைக்காரரும் சம்மதிக்க வேண்டும். பூக்கடை அக்கா சாமி படத்துக்கு மேலே போகக் கூடாது என்றார். முடிதிருத்தும் கடைக்காரர் கண்ணாடிக்கு எதிரே போகக் கூடாது என்றார். வாடிக்கையாளர் கண்ணாடியில் பார்த்தால் தன் தலையிலிருந்து வால் முளைத்த மாதிரித் தெரியுமாம். துணிக்கடை ஹமீது பாய் கம்பிக்குச் சுவரின் நிறத்திலேயே மூடி போட வேண்டும் என்றார். அவர் சுவரின் நிறம் இளம் மாம்பழம். சிங்கப்பூரில் இளம் மாம்பழ நிறத்தில் கேபிள் மூடி எங்கே கிடைக்கும்? நானே பெயின்ட் வாங்கி அடித்தேன்.

வரிசையின் நடுவில் இருந்த சாப்பாட்டுக் கடை சுப்பையா அண்ணனுடையது. அவர் மட்டும்தான் ஒரு நிபந்தனையும் போடவில்லை.

“கம்பிதானே? போகட்டும்லா. என் தோசைக்கல்லத் தொடாம போனா சரி.”

அவர் கடையின் பின்பக்கம், வானம் பார்த்த சின்ன முற்றம் ஒன்று உண்டு. அந்த முற்றத்தைப் பார்த்த கடைப் பின்சுவரில், கைக்கு எட்டாத உயரத்தில், உறுதியான இரும்புத் தாங்கி அடித்து அதன்மேல் சாய்வுக் கருவியை மாட்டினேன். எல்லாக் கடையும் முடிந்து தலைமைப் பெட்டியை முதல்முறை உயிர்ப்பித்தபோது, ஒருவர் விடாமல் எல்லா லாகரும் அவரவர் முறை வந்ததும் பதில் சொன்னார்கள். நான் பூக்கடை வாசலில் ஒரு குதி குதித்தேன். பூக்கடை அக்கா என்ன என்று கேட்கவில்லை. ஒரு முழம் மல்லிகையை வெட்டி என் தலையில் வைத்துவிட்டார். இந்த வேலையில் அந்தக் கணத்துக்கு ஈடான மகிழ்ச்சி வேறு இல்லை. அது வரும்போது வெட்கப்படாமல் குதியுங்கள்.

இனி, அந்த நாள்.

சுப்பையா அண்ணனின் மகள் பிரியாவுக்குக் கல்யாணம். காலையில் கோயிலில் தாலி கட்டு, மத்தியானம் அப்பாவின் கடையிலேயே விருந்து. மேசைகளை வரிசையாகப் போட்டு, வாழையிலை விரித்து, ஊரையே கூப்பிட்டிருந்தார். மழை கொட்டிக்கொண்டிருந்தது. நான் ஹமீது பாய் கடையில், மழையில் ஏதாவது பெட்டிக்குள் நீர் இறங்கியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். என்னையும் விருந்துக்கு அழைத்திருந்தார்கள். கடைசிப் பந்தியில் உட்காரலாம் என்று இருந்தேன்.

கைப்பேசி அதிர்ந்தது. சுப்பையா அண்ணன் கடைப் பின்சுவர், முதல் எச்சரிக்கை அளவைத் தாண்டிவிட்டது.

ஒரு தடவை தாண்டினால் பதற வேண்டாம். தலைமைப் பெட்டி கூப்பிட்ட அடுத்த சுற்றைப் பார்த்தேன். இன்னும் கொஞ்சம் கூடியிருந்தது. அதற்கடுத்த சுற்றில் இன்னும் கொஞ்சம். சைட் பொறியாளர் லிம்மைக் கூப்பிட்டேன். அவர் பேசியது ஆங்கிலத்தில். இங்கே தமிழ் என்னுடையது, ‘லா’ மட்டும் அவருடையது.

“மழை லா, மல்லிகா. உன் கேபிள் நனைஞ்சிருக்கும். மத்த கடை எல்லாம் நார்மல். ஒண்ணு மட்டும் எகிறுதுன்னா கேபிள் ப்ராப்ளம் லா.”

கலவை இறுகும் முன் கொட்ட வேண்டிய கான்கிரீட் லாரிகள் சைட் வாசலில் வரிசையாக நின்றிருந்தன. அவருடைய இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் நம்ப ஆசைப்பட்டிருப்பேன். அதனால் அவர் சொன்னதை உண்மையாகவே யோசித்துப் பார்த்தேன். கம்பியில் நீர் இறங்கினால் என்ன ஆகும்? பதில் வராது. அல்லது உளறலாக வரும். உளறினால், பதிலின் கடைசியில் ஒட்டியிருக்கும் சரிபார்ப்பு எண் பொருந்தாது. தலைமைப் பெட்டி அதைத் தூக்கி எறிந்துவிடும். ஆனால் இங்கே ஒரு பதில்கூடத் தூக்கி எறியப்படவில்லை. நனைந்த கம்பி, ஒவ்வொரு சுற்றிலும் போன சுற்றைவிடச் சற்றுக் கூடுதலான, சரிபார்ப்புக்கும் கச்சிதமாகப் பொருந்துகிற ஓர் எண்ணை இட்டுக்கட்டிச் சொல்லாது. அதற்கு அவ்வளவு கற்பனை கிடையாது.

ஆக, கம்பி சொல்வது நிஜம். அந்தக் கருவி நிஜமாகவே சாய்ந்துகொண்டிருக்கிறது. கருவி மட்டும் சாய்கிறதா, அதைத் தாங்கும் சுவரும் சேர்ந்து சாய்கிறதா என்பதைக் கம்பி சொல்லாது. அதைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். பார்க்கப் போகும் நேரத்துக்குள், சாய்வது சுவராகவே இருந்து விழுந்துவிட்டால்?

“லிம், தோண்டறத நிறுத்துங்க. நான் ஆட்களை வெளிய கொண்டுவரேன்.”

“எத்தனை பேர்?”

“கல்யாண விருந்து, லிம்.”

அவர் யாரையோ பார்த்துக் கத்தியது கேட்டது. மண் தோண்டும் இயந்திரத்தின் உறுமல் நின்றது. லிம் நல்ல மனிதர். சந்தேகத்தோடேயே சரியானதைச் செய்வார். அப்படிப்பட்டவர்களோடு வேலை செய்யக் கிடைத்தால் கொடுத்து வைத்தவர்கள் நீங்கள்.

ஓடிக்கொண்டே என் மேலாளரையும் அழைத்தேன். எனக்குத் தொழில் கற்றுத் தந்தவர், எந்த நெருக்கடியிலும் ஒரே வாக்கியத்தில் வழி சொல்லிவிடுகிறவர். அன்று அவர் குவீன்ஸ்டவுனில் பல் மருத்துவரின் நாற்காலியில் சாய்ந்து கிடந்தார். நர்ஸ் கைப்பேசியை அவர் காதில் வைத்தாராம்.

“சார், பந்தியில உக்காந்திருக்கிறவங்கள எழுப்பப் போறேன். எழுப்பலாமா?”

“ஆ... ஆ... ஆஆ,” என்றார்.

ஆமாம் என்று எடுத்துக்கொண்டேன்.

கடைக்குள் நுழைந்தால் நாதஸ்வரம், பட்டுப் புடவைகள், நெய் வாசனை. வேலைக்கான மஞ்சள் சட்டையும் தலைக்கவசமுமாக, சொட்டச் சொட்ட நான். சுப்பையா அண்ணன் பட்டு வேட்டியில் வாயெல்லாம் பல்லாக வந்தார்.

“வா, வா மல்லிகா! இந்தப் பந்தியிலேயே உக்காரு.”

“அண்ணே, எல்லாரும் இப்பவே வெளிய போகணும். பின்சுவர் சாயுதுன்னு அளவு வருது.”

அவர் முகம் மாறியதை நான் மறக்கவில்லை.

“என்ன பேசற நீ? சாப்பிட உக்காந்தவங்கள எலையிலேருந்து எழுப்பறதா? அதுவும் எம் பொண்ணு கல்யாணத்துல? எதிரிக்குக்கூட அந்தப் பாவத்தச் செய்ய மாட்டேன்.”

“தெரியும் அண்ணே.”

“சுவரு அம்பது வருஷமா நிக்குது. இன்னும் அர மணி நேரம் நிக்காதா?”

சுற்றிலும் கைகள் சோற்றில் அப்படியே நின்றன. நாதஸ்வரக்காரர் மட்டும் விவரம் தெரியாமல் ஊதிக்கொண்டிருந்தார். அண்ணனிடம் எண்களைப் பற்றி விளக்க ஆரம்பித்திருந்தால் இன்றுவரை விளக்கிக்கொண்டிருப்பேன். அப்போதுதான் மணப்பெண் பிரியா என்னைப் பார்த்தாள். மாலையும் நெற்றிச்சுட்டியுமாக, இலையில் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தவள்.

“அக்கா, நெஜமாவா?”

பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. “தெரியலம்மா. ஒண்ணும் இல்லாமலும் இருக்கலாம். ஆனா நெஜமா இருந்துச்சுன்னா, பேசிக்கிட்டு நிக்க நேரம் இல்ல.”

தெரியாது என்பதைச் சொல்லுங்கள். அதே மூச்சில் என்ன செய்ய வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள். இரண்டையும் சேர்த்துச் சொன்னால் மனிதர்கள் நம்புகிறார்கள். அன்று நான் கண்டுகொண்டது இதைத்தான்.

பிரியா எழுந்தாள். வேறு எதுவும் செய்யவில்லை; தன் இலையை நான்கு பக்கமும் மடித்து, சோற்றோடு, கூட்டோடு, இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டாள்.

“அப்பா, நான் எந்திரிக்கல. சாப்பாட்டோடதான் போறேன். வாங்க எல்லாரும். எலையத் தூக்கிட்டு வாங்க, முன்வாசல் நடைபாதையில, ஃபைவ் ஃபுட் வேயில சாப்பிடலாம். சீரியஸ் லா, வாங்க!”

மணப்பெண்ணே நடந்தால் பிறகு யார் உட்கார்ந்திருப்பார்கள்? நாற்காலிகள் கிறீச்சிட்டன. இலையோடு நடக்கும் ஊர்வலம் ஒன்றை அன்றுதான் பார்த்தேன். ரசம் முழங்கை வழியாக ஓடியது. ஒரு பெரியவர் இலையைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு அப்பளத்தை மட்டும் இரண்டு கைகளாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். நாதஸ்வரக்காரர் ஊதுவதை நிறுத்தாமலேயே நடந்தார். தவில்காரர் தட்டிக்கொண்டே பின்னால் வந்தார். மாப்பிள்ளை திடீரென்று காணாமல் போனார். மறுகணம் அவர் பாயசத் தவலையைச் சமையல்காரரோடு சேர்ந்து தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். அந்தப் பையனுக்கு அன்றே முழு மதிப்பெண் போட்டுவிட்டேன். சமையலறையில் ஒருவரும் இல்லை என்று பார்த்துவிட்டு, கடைசியாக அண்ணனையும் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தேன்.

கடைக்குப் பின்னால் ஒரு சந்து. அதில் நின்றால், முற்றத்தின் திறந்த பின்கதவு வழியாகச் சுவர் நேரே தெரியும். கட்டடத்துக்குள் போகாமல் அங்கிருந்தே பார்க்கலாம் என்று போனேன். லிம் சேற்றுக் காலணிகளோடு ஓடி வந்து சேர்ந்தார். அண்ணனும் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, என்னைத் திட்டிக்கொண்டே வந்தார்.

மூவரும் எட்டிப் பார்த்தோம்.

முற்றத்துக்கு மேலே, சமையலில் மழை விழாமலிருக்க, ஒரு பெரிய நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தது. அதில் மழைநீர் தேங்கித் தேங்கி, தார்ப்பாய் யானை வயிறு மாதிரித் தொங்கியது. ஒவ்வொரு நிமிடமும் இன்னும் கொஞ்சம் இறங்கியது. அதன் ஒரு மூலைக் கயிறு எங்கே போகிறது என்று கண்ணால் தொடர்ந்தேன். அது நேராக என் கருவியின் இரும்புத் தாங்கிக்குப் போனது. இரண்டு சுற்று சுற்றி, அழகாக முடிச்சுப் போட்டிருந்தது. தாங்கி வளைந்து, பாரத்தோடு சேர்ந்து மெல்ல மெல்லக் குனிந்துகொண்டிருந்தது.

திட்டிக்கொண்டிருந்த அண்ணன் பாதி வார்த்தையில் நின்றார்.

“அது... நான்தான் கட்டினேன்.”

“அண்ணே...”

“காலையில மேகம் மூடுச்சு. ஏணி போட்டு, கயிறு கட்ட இடம் தேடினேன். நல்லா ஸ்ட்ராங்கா ஒரு கொக்கி இருந்துச்சு...”

“அது கொக்கி இல்லண்ணே.”

லிம் என்னைப் பார்த்தார். நான் லிம்மைப் பார்த்தேன். நாங்கள் இருவரும் வாயைத் திறப்பதற்குள், அண்ணன் கதவோரம் சாய்த்திருந்த ஒட்டடைக் கம்பை எடுத்து, வாசலில் நின்றபடியே யானையின் வயிற்றில் ஒரு குத்து விட்டார்.

அதுவரை நான் குளித்ததெல்லாம் குளியலே இல்லை. முற்றம் நிறைந்து, பின்கதவு வழியாகப் பாய்ந்து, மூவரையும் இடுப்புவரை அடித்துக்கொண்டு சந்துக்குப் போனது வெள்ளம். லிம்மின் தலைக்கவசம் சாக்கடைப் பக்கமாக மிதந்துகொண்டு போனது. அண்ணனின் பட்டு வேட்டி உடம்போடு ஒட்டிக்கொண்டது. என் கைப்பேசி அதிர்ந்தது. பின்சுவர், சாய்வு இறங்குகிறது.

லிம் முகத்தை வழித்துவிட்டு, வளைந்த தாங்கியை அண்ணாந்து பார்த்தார்.

“சரி. கேபிள் ப்ராப்ளம் இல்லை லா.”

நான் அந்த ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பு அடிவயிற்றிலிருந்து வந்தது, நிறுத்த முடியவில்லை. முதலில் அண்ணனும், பிறகு லிம்மும் சேர்ந்துகொண்டார்கள்.

தம்பி தங்கைகளே, ஆபத்தான இடம் இதுதான். எழுப்பியபோது இருந்ததைவிட இப்போதுதான் கவனம் வேண்டும். சிரித்து முடித்ததும் அண்ணன் கேட்டார், “அப்புறம் என்ன? எல்லாரும் உள்ள வரலாம்ல?”

எனக்கும் சொல்லிவிட ஆசைதான். ஒரு விருந்தையே கலைத்தவளுக்கு அதைச் சீக்கிரம் சேர்த்துவைக்க எவ்வளவு ஆசை இருக்கும்! ஆனால் தார்ப்பாய் கருவியை இழுத்தது என்பது தெரிந்ததே தவிர, சுவர் அசையவில்லை என்பது இன்னும் தெரியவில்லை. வளைந்த தாங்கி இனிச் சொல்லும் அளவை நம்பவும் முடியாது. ஒரு காரணம் கிடைத்துவிட்டால் மனம் அதிலேயே படுத்துத் தூங்கப் பார்க்கும். தூங்கவிடாதீர்கள்.

“இல்லண்ணே. சர்வேயர் வந்து சுவரை நேரா அளந்து பார்க்கட்டும். அதுவரைக்கும் யாரும் உள்ள போகக் கூடாது.”

இந்த முறை அண்ணனே பின்கதவை இழுத்துச் சாத்தினார்.

முன்பக்கம் வந்தேன். ஹமீது பாய் தன் துணி வெட்டும் நீள மேசையைக் காலி செய்து, புது இலை போட்டு, பந்தி நடத்திக்கொண்டிருந்தார். சுற்றிலும் பட்டுப் புடவைகள் அடுக்கடுக்காக இருக்க, நடுவில் சாம்பார் வாளி.

“உக்காருங்க, உக்காருங்க! இந்த மேச எலை போடறதுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு. சாம்பார் மட்டும் பாத்து, தம்பி. அந்தப் பக்கம் காஞ்சிபுரம்!”

முடிதிருத்தும் கடையில் முதியவர்கள் சுழல் நாற்காலிகளில் வரிசையாக உட்கார்ந்து, கண்ணாடியில் தங்களையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்கள். பூக்கடை அக்கா கை கழுவத் தண்ணீர் ஊற்றினார், பூவும் கொடுத்தார். மழைக்கு ஒதுங்கிய சுற்றுலாப் பயணிகள் இருவர் இது ஏதோ ஏற்பாடு செய்த நிகழ்ச்சி என்று நினைத்து வரிசையில் உட்கார்ந்துவிட்டார்கள். யாரும் எழுப்பவில்லை. அன்றைக்கு இனி ஒருவரையும் எழுப்புவதில்லை என்று அந்தத் தெருவே முடிவு செய்துவிட்டது போலிருந்தது.

சர்வேயர் வந்து, தன் கருவியை முக்காலியில் நிறுத்தி, சுவரிலிருந்த குறிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, பழைய அளவோடு ஒப்பிட்டுவிட்டுக் கட்டைவிரலை உயர்த்தினார். சுவர் அசையவே இல்லை. லிம்மின் லாரிகள் மீண்டும் உறுமின. விருந்தினர்கள் பாயசத்தைக் கடைக்குள்ளேயே போய்க் குடித்தார்கள்.

மறுநாள் மேலாளர் வந்தார், ஒரு கன்னம் வீங்கி. முழுக் கதையையும் கேட்டார்.

“சார், நேத்து போன்ல ஆமான்னுதானே சொன்னீங்க?”

“என்ன சொன்னேன்னு எனக்கே தெரியாது. முடிவு நல்லா வந்திருக்குல்ல? அப்ப ஆமான்னுதான் சொல்லியிருப்பேன்.” சிரிக்கப் போய், வலியில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். பிறகு கேட்டார், “சுவரு அசையலன்னு தெரிஞ்சிருந்தா எழுப்பியிருப்பியா?”

“மாட்டேன் சார்.”

“நாளைக்கே மறுபடி அதே மாதிரி அளவு வந்தா?”

“எழுப்புவேன்.”

“போய் வேலையப் பாரு,” என்றார். அவரிடமிருந்து எனக்குக் கிடைத்த மிகப் பெரிய பாராட்டு அதுதான்.

அதன்பிறகு அந்த வரிசையில் என் அனுமதி இல்லாமல் ஓர் ஆணி அடிக்கப்படவில்லை. பூக்கடை அக்கா கூப்பிடுவார்: “மல்லிகா, திருஷ்டிப் பூசணி கட்டலாமா?” முடிதிருத்தும் கடைக்காரர் கூப்பிடுவார்: “புது ஃபேன் மாட்டறேன், ஓகேவா?” ஹமீது பாய் ஒருநாள் கூப்பிட்டு, “தும்மல் வர்ற மாதிரி இருக்கு, தும்மலாமா?” என்றார்.

சுவர்களெல்லாம் அப்படியே நின்றன. தோண்டும் வேலை முடியும் கட்டத்தில் பிரியாவுக்கு வளைகாப்பு வந்தது. அதே கடை, அதே மேசைகள். இந்த முறை அண்ணன் என்னை விடவில்லை. முதல் பந்தியில், பிரியாவுக்கு எதிரே உட்காரவைத்தார். “வேல உடுப்பு இல்லாம வந்திருக்க. ஒழுங்கா உக்காந்து சாப்பிடு,” என்று தானே பரிமாறினார். புளியோதரை, எலுமிச்சைச் சாதம், தேங்காய்ச் சாதம், வடை. நான் முதல் கவளத்தை எடுத்தேன்.

மேசைமேல் வைத்திருந்த என் கைப்பேசி அதிர்ந்தது.

கடை முழுவதும் நிசப்தம். அத்தனை கைகளும் அந்தரத்தில் நின்றன. அண்ணன் கரண்டியோடு சிலையானார். பிரியா சத்தமில்லாமல் ஒரு கையால் வயிற்றையும் மறு கையால் இலையின் ஓரத்தையும் பிடித்துக்கொண்டாள். பின்னாலிருந்து யாரோ நாற்காலியைத் தள்ளும் சத்தம்கூடக் கேட்டது. எல்லாருடைய கண்களும் என்மேல்.

இடது கையால் கைப்பேசியைத் திருப்பிப் பார்த்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டு, கடை முழுவதற்கும் கேட்கும்படி வாசித்தேன்:

“வீட்டுக்காரர். வரும்போது பால் வாங்கிட்டு வரச் சொல்றாரு.”